வெள்ளம் விட்டுப்போன மண்ணும் வில்லியனூர்ப் பட்டறையும்

2024 டிசம்பர் முதல் வாரத்தில் தென்பெண்ணை எங்கள் நாற்றங்காலுக்குள் வந்தது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, இனி பயமில்லை என்று நாங்கள் படுத்த பிறகு வந்த தண்ணீர் அது. கடலூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் இருக்கிற எல்லோருக்கும் அந்த இரவு நினைவிருக்கும். மல்லிக் கன்றுகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தண்ணீர் வடிந்தபோது தரையெங்கும் ஒரு சாண் உயரத்துக்கு வண்டல் படிந்திருந்தது. அடியில் மணல், மேலே இரண்டு விரற்கடை மட்டும் வெண்ணெய் போன்ற களி. அது காய்ந்து, தட்டுத் தட்டாக வெடித்து, ஓரங்கள் அப்பளம் போலச் சுருண்டன. இருபது வருடம் மண்ணோடு பழகிய கைக்கு அதை அப்படியே கொத்திப் புரட்ட மனம் வரவில்லை. மேல் தட்டுகளை மட்டும் இரண்டு உரச் சாக்குகளில் அள்ளி வைத்தேன்.

அந்த மண்ணிலேயே செடித் தொட்டி செய்யக் கற்றுக்கொள்ளலாம் என்று புதுச்சேரியில் முதலில் நான் போன ஒரு மண்பாண்ட வகுப்பில் அந்தச் சாக்கை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். "நாங்கள் தருகிற மூட்டை மண்ணில்தான் செய்ய வேண்டும்" என்றார்கள். அவர்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் பின்னால் புரிந்தது. 1971-இல் மண்பாண்டக் கலைஞர்கள் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கியதிலிருந்து புதுச்சேரி என்றால் மெருகு பூசி, 1,200 டிகிரிக்கு மேல் சுடுகிற கலங்கள் என்று பெயர். அந்தச் சூட்டில் என் ஆற்று மண்ணை வைத்தால் உருகிச் சாய்ந்து சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் ஒரு கைப்பிடி மண்ணைத் தொட்டுக்கூடப் பாராமல் திருப்பி அனுப்பியது வருத்தமாகத்தான் இருந்தது.

புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் என்னை அப்படித் திருப்பி அனுப்பவில்லை. சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் அது. திருக்காமீஸ்வரர் கோயிலருகே இறங்கி, "சொந்த மண் கொண்டுவந்தால் செய்து பார்க்க விடுகிற ஐயா" என்று கேட்டால் வழி சொல்வார்கள். பட்டறைக்குப் பெயர்ப்பலகை இல்லை. கூட்டம் சேர்ந்தால் பானை வேலை கெடும் என்பதால் பெயரையும் எண்ணையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் எழுதவில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், நடுவில் ஒரு வாரம் இடைவெளி. மதியச் சாப்பாட்டோடு 1,500 ரூபாய், சூளைக்குத் தனியாக 300. ஒரே நாளில் கோப்பை செய்து கையில் கொடுத்து அனுப்புகிற வகுப்பல்ல. முதல் ஞாயிறு முழுக்கச் சக்கரத்தைத் தொடவே இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது அந்த நாள்தான்.

சாக்கைப் பிரித்ததும் ஒரு சில்லை எடுத்து முகர்ந்தார். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "உப்பு இருக்கிறது அம்மா. கடல் பக்கத்து மண்தானே" என்றார். பிறகு நன்றாகக் காய்ந்த சில்லு ஒன்றையும், சாக்கின் அடியில் ஈரம் பட்டிருந்த கட்டி ஒன்றையும் இரண்டு கிண்ணத் தண்ணீரில் போடச் சொன்னார். காய்ந்த சில்லு புஸ்ஸென்று குமிழிவிட்டு, இரண்டு நிமிடத்தில் பொலபொலவென்று உதிர்ந்து குழம்பாகிவிட்டது. ஈரக் கட்டி மாலை வரை கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. கரைக்க வேண்டிய மண்ணை முதலில் ஈரமே இல்லாமல் காயவைக்க வேண்டும் என்பதை அந்த இரண்டு கிண்ணங்களே சொல்லிவிட்டன.

கரைத்ததை மெல்லிய சல்லடையில் வடிகட்டினோம். வேர், உமி, நீல பிளாஸ்டிக் துணுக்கு ஒன்று, நிறைய நத்தை ஓடுகள். அந்த வெள்ளை ஓடுகளைத்தான் அவர் பகைவனைப் போலப் பார்த்தார். சூளையில் அவை சுண்ணாம்பாகிவிடும். பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதி, உள்ளிருந்தே பானையைத் தெறிக்க வைக்கும். மிளகளவு ஓடு போதும். இரண்டாம் முறையும் வடிகட்டி, தெளிய வைத்து, மேல்நீரை மூன்று தடவை இறுத்துக் கொட்டினோம், உப்பு குறைய. மிஞ்சிய குழம்பைப் பழைய வேட்டியில் ஊற்றிச் செங்கல் மேல் இறுக விட்டோம்.

அடுத்த ஞாயிறு, மண்ணைத் திரித்து விரலில் மோதிரமாகச் சுற்றச் சொன்னார். வெடிக்கவே இல்லை. நான் மகிழ்ந்தேன், அவர் முகம் மாறவில்லை. "பசை அதிகம். காயும்போது இழுத்துக்கொள்ளும்" என்று சொல்லி நான்கு பட்டைகள் செய்ய வைத்தார். ஒன்று தனி மண், ஒன்றில் ஆற்று மணல், ஒன்றில் உமி, ஒன்றில் உடைந்த பானை ஓட்டை இடித்த தூள். ஒவ்வொன்றிலும் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. நிழலில் காய்ந்த பிறகு அளந்தபோது தனி மண்ணின் கோடு 8.9-க்கு வந்திருந்தது, பட்டையும் வில்லாக வளைந்திருந்தது. ஓட்டுத்தூள் கலந்தது 9.3-இல் நேராக நின்றது. ஓட்டை உரலில் இடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி, "சுட்ட மண் பச்சை மண்ணோடு ஒட்டாது என்பார்கள். தூளாக்கிச் சேர்த்துப் பாருங்கள், அதுதான் பானையைத் தாங்கிப்பிடிக்கும்" என்றார். அந்த அக்கா பேசியது குறைவு, கற்றுக்கொடுத்தது அதிகம்.

வனைதலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சக்கரத்தில் எனக்குக் கை வரவில்லை. தட்டுப்பலகையாலும் கூழாங்கல்லாலும் தட்டித் தட்டி பதினொரு சிறு தொட்டிகளை ஒப்பேற்றினேன்.

குறையையும் சொல்ல வேண்டும். சூளை வைக்கும் நாள் மழையால் இரண்டு முறை தள்ளிப்போனது. முதல் முறை எனக்குத் தகவல் வரவில்லை. கடலூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். ஒரு தொலைபேசி அழைப்பு செய்திருக்கலாம், அதை அவரிடமே சொன்னேன். உட்காரத் தாழ்வான மணைதான் இருக்கிறது, முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம்.

வைக்கோலும் தென்னை மட்டையும் வரட்டியும் அடுக்கி, மேலே சேறு மெழுகிய நாட்டுச் சூளை. பிரித்தபோது இரண்டு தொட்டிகள் பிளந்திருந்தன. ஒன்பது நின்றன. செங்கல் சிவப்பு, புகை அடைந்த பக்கம் யானைக் கறுப்பு, விளிம்பில் மட்டும் உப்பு பூத்த வெள்ளைக் கோடு. உடனே கொடுக்கவில்லை. "பத்து நாள் இங்கேயே இருக்கட்டும். தெறிக்கிறது என்றால் என் கண்முன் தெறிக்கட்டும்" என்றார். தெறிக்கக்கூடியதைக் கையில் கொடுத்துக் காசை வாங்கிக்கொள்ளாத அந்தக் குணத்துக்காகவே இந்தப் பட்டறையை யாருக்கும் சொல்வேன்.

பத்து நாளில் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் ஒரு தொட்டியின் வயிற்றில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சில்லு பெயர்ந்து விழுந்தது. குழியின் நடுவில் கடுகளவு வெள்ளைப் புள்ளி. நகத்தால் கீறினேன், மாவாக உதிர்ந்தது. எங்கள் தோட்டத்து நத்தை. அந்தத் தொட்டியையும் தூக்கிப் போடவில்லை.

இந்தத் தொட்டிகள் நீர் கசியும். குழம்பு ஊற்றி வைக்க உதவாது. செடிக்கு அதுதான் வேண்டும், வேருக்குக் காற்றுப் போகிறது. மே மாத வெயிலில் பிளாஸ்டிக் பையில் இருந்த கன்றுகள் நண்பகலில் துவண்டபோது இவற்றில் இருந்த எட்டுக் கன்றுகளும் நிமிர்ந்து நின்றன. ஒன்பதாவதில், குழி விழுந்ததில், துளசி வைத்திருக்கிறேன்.

போகிறவர்கள் மண்ணை முழுக்கக் காயவைத்து, குறைந்தது பத்துக் கிலோ கொண்டுபோங்கள். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம், அங்கே எடுத்த மண் என்றால் அவர் தொடமாட்டார். வேறு ஏரி என்றால் அனுமதி வாங்கினீர்களா என்று கேட்பார். சொந்த நிலத்து மண் என்றால் கேள்வியே இல்லை. என்னுடைய இரண்டாவது சாக்கு இன்னும் திண்ணையில் இருக்கிறது. நத்தை ஓடுகளை இப்போதே பொறுக்க ஆரம்பித்துவிட்டேன்.