டிஸ்னியில் ஒரே நாளில் இரண்டு பூங்கா பார்க்கப் போகிறீர்களா? எங்கள் 486 டாலர் போன விதத்தைப் படித்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள்

ஆர்லாண்டோ போகத் திட்டம் போட்டிருக்கும் நம் ஆட்கள் எல்லோரும் இதைப் படியுங்கள். வயிறு எரிந்துபோய் எழுதுகிறேன். 486 டாலரை ஒருவன் "அக்கா, அக்கா" என்று பேசியே வாங்கிக்கொண்டான். இன்றுவரை ஒரு சென்ட் திரும்பி வரவில்லை. எப்படித் தப்பிக்கலாம் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது அட்லாண்டா பக்கம். ஊரிலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருக்கிறார்கள். அவர்களோடு டிஸ்னி வேர்ல்டில் செலவழிக்க எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைத்தது. பிள்ளைகளுக்கு மேஜிக் கிங்டம் போய்க் கோட்டையைப் பார்த்தாக வேண்டும். மாமாவுக்கு எப்காட். அவர் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஏரியைச் சுற்றி மெக்சிகோவில் தொடங்கி கனடா வரைக்கும் 11 நாடுகளின் கட்டடங்களைக் கட்டி வைத்திருக்கிறார்கள், நடந்தே சுற்றி வரலாம் என்று பேரன் சொன்னதிலிருந்து அதே நினைப்பாகத்தான் இருந்தார். அத்தைக்கு இரவு அந்த ஏரியில் விடும் வாணவேடிக்கை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே நான்கு பூங்காக்கள். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம். சாதாரண டிக்கெட் வாங்கினால் ஒரு நாளைக்கு ஒரு பூங்காதான். அதே பூங்காவுக்குள் வெளியே போய்ப் போய் வரலாம், இன்னொன்றுக்குள் கால் வைக்க முடியாது. ஒரே நாளில் ஒன்றுக்கு மேல் பார்க்க வேண்டும் என்றால் 'பார்க் ஹாப்பர்' என்று கூடுதலாகக் காசு கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் கட்டினேன். ஆளுக்கு 81 டாலர், ஆறு பேருக்கு 486 டாலர். பில்லில் தனி வரியாகவே இருக்கிறது.

வாங்கிய இடம் டிஸ்னி இல்லை. தள்ளுபடி டிக்கெட் விற்கும் ஒரு ஆன்லைன் ஏஜென்சி. பெயர் எழுதவில்லை. எங்கள் பகுதி இந்தியர்களின் வாட்ஸாப் குழுவில் யாரோ பகிர்ந்திருந்தார்கள், "நாங்க போன வருஷம் இவங்ககிட்டதான் எடுத்தோம், சூப்பர்" என்று. போன் போட்டால் எடுத்தவர் தமிழ். அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். "அட, எங்க அம்மா ஊரும் அந்தப் பக்கம்தான் அக்கா" என்றார். பெரியவர்கள் வருகிறார்கள் என்றதும் மாமாவுக்கு முட்டி வலி உண்டா, வீல்சேர் வேண்டுமா, எந்த வாசலில் நடை குறைவு என்றெல்லாம் அவராகவே விசாரித்தார். சொந்தத் தம்பி கூட இப்படிக் கேட்டிருக்க மாட்டான். நான் குறிப்பாகக் கேட்டேன்: "காலையில் மேஜிக் கிங்டம், சாயங்காலம் எப்காட், இந்த டிக்கெட்டில் போகலாம்தானே?" அதற்கு அவர் அனுப்பிய குரல் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. "கவலையே படாதீங்க அக்கா, நாலையும் ஒரே நாள்ல பாக்கலாம், உங்களுக்குத்தான் கால் வலிக்கும்."

கார்டில் கட்டினால் 3 சதவீதம் கூட ஆகும், ஸெல்லில் (பேங்க் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் Zelle வசதி) அனுப்பிவிடுங்கள் என்றார். அனுப்பினேன். டிக்கெட்டை உடனே தரவில்லை. தேதி போட்ட டிக்கெட், முன்கூட்டியே கொடுத்தால் சிஸ்டத்தில் பூட்டிக்கொள்ளும் என்று சொல்லி, கிளம்புவதற்கு முந்தின ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு பிடிஎஃப் அனுப்பினார். ஆறு பக்கம், பக்கத்துக்கு ஒரு பார்கோடு, மேலே கொட்டை எழுத்தில் 'பார்க் ஹாப்பர்'. அதை அவர்களே அடித்து மேலே ஒட்டியிருக்கிறார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

காலையில் மேஜிக் கிங்டம் வாசலில் ஒரு சிக்கலும் இல்லை. ஸ்கேன் செய்தார்கள், விரல் வைக்கச் சொன்னார்கள், உள்ளே போனோம். பிள்ளைகள் ஆசை தீரச் சுற்றினார்கள். மாமா நிழல் பார்த்து உட்கார்ந்து, "மணி என்னாச்சு, அங்க எப்பப் போறோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நாலு மணிக்கு மேல் கிளம்பினோம். மோனோ ரயிலில் ஏறி, டிக்கெட் சென்டரில் இறங்கி, எப்காட் ரயிலுக்கு மாறினோம். அந்த ரயில் நேராக ஸ்டேஷனுக்குப் போகாது. பூங்காவுக்குள்ளேயே ஒரு வளையம் சுற்றிக் காட்டிவிட்டு, 180 அடி உயரத்துக்கு நிற்கும் அந்தப் பெரிய வெள்ளி உருண்டையை ஒட்டிப் போய்த்தான் நிற்கும். அத்தை ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு பூச்செடிகளை எல்லாம் காட்டிக்கொண்டு வந்தார்கள். மாமா எழுந்து நின்றே பார்த்தார்.

வாசலில் இருந்த பெண் முதலில் மாமாவின் டிக்கெட்டை ஸ்கேன் செய்தார். கையிலிருந்த கருவியைப் பார்த்தார். மறுபடி ஸ்கேன் செய்தார். மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். அவர் ஆறையும் பார்த்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒரு நாள் டிக்கெட், நாளுக்கு ஒரு பூங்கா. ஆறுமே அப்படித்தான். நான் பிடிஎஃபைக் காட்டினேன். "பேப்பரில் என்ன அடித்திருந்தாலும் எங்கள் கணக்கில் ஹாப்பர் இல்லை" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், மரியாதையாகத்தான் பேசினார். இங்கேயே பணம் கட்டினால் ஹாப்பராக மாற்றித் தருகிறோம் என்றும் சொன்னார். அதாவது ஏற்கெனவே 486 டாலர் கொடுத்த அதே விஷயத்துக்கு இன்னொரு முறை ஆறு பேருக்கும் கட்ட வேண்டும்.

என் கணவர் கார்டை எடுத்துவிட்டார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் ரூபாயில் கணக்குப் போட்டிருக்கிறார். நாற்பதாயிரத்துக்கு மேல். "ரெண்டாவது தடவை எதுக்குப்பா குடுக்கணும்? அதான் ரயில்ல இருந்தே பாத்தாச்சே" என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சின்னவன் அழ ஆரம்பித்துவிட்டான். திரும்பவும் மேஜிக் கிங்டம் போகப் பெரியவர்களுக்குத் தெம்பில்லை. நேராக ஹோட்டலுக்கு வந்தோம்.

வாசலில் நின்றபடியே ஏஜென்சிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. ராத்திரி பதில் வந்தது. "2 மணிக்கு முன்னாடி மாறியிருப்பீங்க அக்கா, அதான் லாக் ஆயிருக்கும்." நாங்கள் போனதே நாலு மணிக்கு மேல்! தவிர, 2 மணிக்குப் பிறகுதான் மாறலாம் என்ற விதி 2021 ஜனவரியில் வந்தது, 2024 ஜனவரி 9-ஆம் தேதியோடு போய்விட்டது. இப்போது ஹாப்பர் இருந்தால் எந்த நேரத்திலும் மாறலாம். இந்த விதியை வைத்தே தொழில் நடத்துகிறவருக்கு அது தெரியாதாம். அதைச் சொன்னதும், "பார்க் ரிசர்வேஷன் போடலையா?" என்று ஆரம்பித்தார். எந்தப் பூங்கா என்று முன்பதிவு செய்ய வேண்டும் என்ற அந்த விதியும் தேதி போட்ட டிக்கெட்டுக்கு அதே 2024 ஜனவரி 9-ஆம் தேதியோடு நீக்கப்பட்டுவிட்டது. அடுத்தது, "டிஸ்னி சிஸ்டம் எரர், அவங்ககிட்டக் கேளுங்க." அப்புறம், "அக்கவுண்ட்ஸ்ல சொல்லியிருக்கேன், ஏழு முதல் பத்து வேலை நாள்." அதற்கும் அப்புறம் நீல டிக் மட்டும். இப்போது அதுவும் இல்லை, புரொஃபைல் படமே காணோம். அலுவலக நம்பரில் வேறு ஒருவர் எடுத்து, தளத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு வரியைப் படித்துக் காட்டினார்: ஹாப்பர் வசதி பூங்காவின் சூழலுக்கு உட்பட்டதாம். விற்காத பொருளுக்கு என்ன சூழல்? "உள்ளே போய் ஒரு பூங்கா பார்த்தீங்கல்ல மேடம்" என்று வேறு கேட்கிறார். பார்த்த பூங்காவின் காசை நான் கேட்கவே இல்லையே. 486 டாலர், நான் கேட்பது அது மட்டும்தான்.

பேங்கில் கேட்டால், ஸெல்லில் நீங்களே அனுப்பிய பணம், நாங்கள் திருப்ப முடியாது என்று ஒரே வரி. கார்டில் கட்டியிருந்தால் தகராறு பதிவு செய்ய வழி இருந்திருக்கும். அந்த 3 சதவீதப் பேச்சு எதற்கு என்று இப்போது புரிகிறது. கார்டு வேண்டாம் என்று வற்புறுத்துகிற டிக்கெட் விற்பனையாளரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் எண்ணை டிஸ்னியின் சொந்த ஆப்பில் நீங்களே சேர்த்து, அங்கே ஹாப்பர் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். விற்பவர் அனுப்பும் பிடிஎஃபில் என்ன போட்டிருந்தாலும் அது கணக்கில்லை. முந்தின ராத்திரிதான் தருவேன் என்றால் ஆர்டரையே ரத்து செய்யுங்கள். டிஸ்னிக்குப் பக்கத்து ஊரான கிஸ்ஸிமி பக்கம் சாலையோரக் கடைகளில் பாதி பயன்படுத்திய பல நாள் டிக்கெட் மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒருமுறை நுழையப் பயன்படுத்திய டிக்கெட்டை அப்படி விற்பது ஃப்ளோரிடா சட்டப்படி குற்றம், வாசலில் விரல் ரேகையும் ஒத்துப் போகாது.

குரல் பதிவு, பில், பிடிஎஃப் மூன்றையும் எடுத்து வைத்துவிட்டேன். ஃப்ளோரிடா அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் புகார் படிவத்தை இப்போதுதான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். தொகை என்ற கட்டத்தில் 486 டாலர் என்று போட்டாயிற்று. இதே மாதிரி தமிழில் பேசி விற்கிற ஆளிடம் வரும் விடுமுறைக்கு யாராவது முன்பணம் கொடுத்திருந்தால், இன்றைக்கே டிக்கெட் எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.