"சங்கு ஊதியாச்சா?"

அம்மாவுக்கு அல்சைமர் மறதி நோய் என்று தெரிந்து நாலு வருஷம் ஆகிறது. சாயந்திரம் ஆனால் போதும், கேள்வி வந்துவிடும்: "சங்கு ஊதியாச்சா? உங்கப்பாவை இன்னும் காணோமே?" வேலை முடிந்தால் சங்கு ஊதும் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த அப்பா போய்ச் சேர்ந்து 11 வருஷம்.

பதில் சொல்ல மூன்று வழி. மூன்றையும் செய்து பார்த்தேன்.

ஒன்று, உள்ளதைச் சொல்லித் திருத்துவது. 1950களின் கடைசியில் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனையில் முளைத்த முறை. ஆரம்பக் கட்டத்தில் நல்லதுதான். பெரிய எழுத்து நாள்காட்டி முதல் வருஷம் முழுக்கக் கைகொடுத்தது.

இரண்டு, பொய். "ஓவர்டைம்மா, வந்துடுவார்." அந்த நிமிஷத்துக்குச் சரி.

மூன்றாவது வேலிடேஷன். 1963-இல் க்ளீவ்லாந்து முதியோர் இல்லமொன்றில் வேலைக்குச் சேர்ந்த நேயோமி ஃபைல் உருவாக்கியது. அவரும் முதலில் திருத்தத்தான் பார்த்தார், பலிக்காமல் கைவிட்டார். வேலிடேஷன் என்றால், நோயாளி சொல்வது சரியா தப்பா என்று பார்க்காமல் அதற்குள் இருக்கும் உணர்ச்சிக்குப் பதில் சொல்வது. "அப்பாவைத் தேடுதாம்மா? வேலை முடிஞ்சு வந்தா முதல்ல என்ன கேட்பார்?" "காபிதான். ஆவி பறக்கணும்." அப்புறம் சைக்கிள், எண்ணெய்க் கறைச் சட்டை, அதைத் துவைத்த பாடு என்று பேச்சு ஓடும். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்துவிடும்.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே விஷயம்: சொன்னது மறந்த பிறகு அம்மாவிடம் என்ன மிஞ்சுகிறது? "அப்பா இல்லம்மா" என்றால் அப்போதுதான் செய்தி கேட்டவள் போல அழுவாள். பத்து நிமிஷத்தில் செய்தி மறக்கும், அழுகை போகாது. எதற்கென்றே தெரியாமல் ராத்திரி வரை முந்தானையைக் கசக்கிக்கொண்டிருப்பாள். மறுநாள் மறுபடி முதலிலிருந்து. பொய் சொன்னாலும் ஓவர்டைம் மறந்துபோகும், காத்திருப்பு மட்டும் நிற்கும். சாப்பிடாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பாள். அயோவா பல்கலைக்கழகம் 2014-இல் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான, சிரிப்பான படத்துண்டுகளைக் காட்டிப் பார்த்தது. பார்த்தது மறந்த பிறகும் அந்த உணர்ச்சி தங்கியிருந்தது. புது நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் இந்த நோயில் முதலிலேயே அடிபடுகிறது. அதனால் என் பதிலில் அம்மாவிடம் தங்கப்போவது தகவல் அல்ல, உணர்ச்சிதான். மூன்றாவது வழியையே பிடித்துக்கொண்டேன்.

வேலிடேஷன் பலன் தரும் என்று ஆய்வுகள் இன்னும் உறுதியாக நிறுவவில்லை. நேரமும் தின்னும். குழம்பு அடிப்பிடிக்கும் நாளில் நானும் ஓவர்டைம் என்றுதான் சொல்கிறேன். பேச்சே நின்றுபோகும் கடைசிக் கட்டத்துக்கு நாங்கள் இன்னும் போகவில்லை; அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவமில்லை.

தம்பி மட்டும் இன்னும் பெங்களூரிலிருந்து போனில் தேதி, கிழமை கேட்டுப் பரீட்சை வைக்கிறான். போனை வைத்ததும் அம்மா என் பக்கம் திரும்பி, "யாருடி அந்த வாத்தியார்?" என்கிறாள்.