உலக வங்கியா, புதிய வளர்ச்சி வங்கியா? கடன் தேடும் நாடுகளுக்கு ஓர் ஒப்பீடு

சாலைக்கும் மின்சாரத்துக்கும் கடன் தேடும் வளரும் நாடுகள், 1944இல் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் நடந்த பன்னாட்டு நிதி மாநாட்டில் உருவான உலக வங்கியையும், பிரிக்ஸ் நாடுகள் (பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா) 2015இல் ஷாங்காயைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய புதிய வளர்ச்சி வங்கியையும் இன்று ஒப்பிட்டுப் பார்க்கின்றன.

வாக்குரிமை
உலக வங்கி: அமெரிக்காவிடம் ஏறத்தாழ 16 விழுக்காடு வாக்குகள் உள்ளன. அமைப்பு விதிகளைத் திருத்த 85 விழுக்காடு ஆதரவு தேவை என்பதால், அந்த ஒரு நாடு மறுத்தாலே திருத்தம் நின்றுவிடும்.
புதிய வங்கி: நிறுவன நாடுகள் ஐந்தும் சமமாக முதலிட்டன; எவருக்கும் தடுப்பதிகாரம் இல்லை. மற்ற நான்கின் கூட்டுத்தொகையைவிடப் பெரிய பொருளாதாரமான சீனா இதற்கு இசைந்ததையே நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். வளரும் நாடுகளின் குரல் வலுப்பெறுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

செலவு
உலக வங்கி: மிக வறிய நாடுகளுக்கு மானியமும் நீண்டகாலச் சலுகைக் கடனும் தருகிறது.
புதிய வங்கி: அத்தகைய சலுகைப் பிரிவு இல்லை, ஆனால் சீனாவின் யுவான், தென்னாப்பிரிக்காவின் ராண்ட் போன்ற உறுப்பு நாட்டு நாணயங்களிலும் கடன் தருவதால், டாலர் ஏற்றத்தின் சுமை குறையும்.

நடைமுறை
உலக வங்கி: மக்களையும் சுற்றுச்சூழலையும் காக்கும் பாதுகாப்பு விதிகள் கடுமையானவை, திட்டங்களால் பாதிக்கப்பட்டோர் வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிடலாம்.
புதிய வங்கி: பெரிதும் கடன் பெறும் நாட்டின் சட்டங்களையே சார்ந்துள்ளது. அச்சட்டங்கள் பலவீனமானவையாக இருந்தால், நிலம் இழப்போரின் நிலை கவலைக்குரியது.

வறிய நாடுகளுக்கும் மக்களை இடம்பெயர்க்கும் திட்டங்களுக்கும் உலக வங்கி பொருந்தும். உள்நாட்டுச் சட்டங்கள் வலுவாக உள்ள, நாணய இடரைக் குறைக்க விரும்பும் உறுப்பு நாடுகளுக்குப் புதிய வங்கி ஏற்றது.