மூன்று லட்ச வெள்ளி வீடு: குடியிருந்து பார்த்த கணக்கு

கோலாலம்பூர் செந்தூலில், அரசின் மலிவு வீட்டுத் திட்டமான ரெசிடென்சி விலாயாவில் வீடு வாங்கிக் குடியிருக்கிறோம். ரூமாவிப் என்று பழைய பெயரைச் சொன்னால்தான் பலருக்குப் புரியும். 2013இல் தொடங்கிய திட்டம். விலை மூன்று லட்ச வெள்ளியை (ரிங்கிட்) தாண்டக் கூடாது. விண்ணப்பம் போட நினைக்கும் சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். வீட்டுக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். திட்டத்துக்கு மூன்று கொடுக்கவே யோசிக்க வேண்டும்.

சுமார் 800 சதுர அடி, மூன்று அறை, இரண்டு குளியலறை. மூன்றாவது அறையில் கட்டில் போட்டால் அலமாரிக்கு இடமில்லை. எங்களுக்கு அதுதான் சாமி அறை, துணி மடிக்கும் அறை, மாமியார் வந்தால் அவர் அறை. காற்றோட்டம் அருமை. எல்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம். இந்த விலைக்கு அது பெரிய விஷயம்.

குளியலறைக் கூரையில் தண்ணீர் கசிந்தது. சாவி கொடுத்ததிலிருந்து 24 மாதத்துக்குள் சொல்லும் குறைகளை, வீட்டைக் கட்டி விற்ற மேம்பாட்டு நிறுவனம் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்தார்கள், ஆனால் நச்சரித்த பிறகுதான். படம் பிடித்து, எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வையுங்கள். வாட்ஸப்பில் வரும் "ஓகே மேடம்" எதற்கும் உதவாது.

இனி மாதச் செலவு. வங்கிக்கு 1,200 வெள்ளிக்குப் பக்கம் போகிறது. பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 25 காசு, அதாவது 200 வெள்ளி. அதற்கு மேல் அதில் பத்து விழுக்காடு, பெரிய பழுதுகளுக்காகச் சேர்த்து வைக்கும் சிங்கிங் ஃபண்டுக்கு என்பது சட்டம், ஆக இன்னொரு 20. முதலில் பெரிதாகத் தெரியாது. ஆனால் லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, பம்ப், காவலாளி எல்லாம் வசதியானவர்கள் இருக்கும் பெரிய கண்டோவில் (அடுக்குமாடியில்) இருப்பதுதான் இங்கேயும். இங்கே இருப்பவர்களின் சம்பளம்தான் வேறு. பராமரிப்புக் கட்டணம் கட்டாதவர்களின் பெயரோடு லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பாக்கிப் பட்டியல் மாதத்துக்கு மாதம் நீளுகிறது. வாங்கும் விலைக்கு உச்சவரம்பு வைத்தவர்கள், குடியிருக்கும் செலவைப் பற்றி யோசிக்கவே இல்லை. லிஃப்ட் மாற்ற வேண்டிய வருடம் வரும்போது இந்த இருபது இருபது வெள்ளி எந்த மூலைக்கு?

எனக்குப் பெரிய குறை வேறு. பத்து வருடத்துக்கு விற்கக் கூடாது, நாமே குடியிருக்க வேண்டும். சரி, நியாயம்தான். (கதவில் சாவிப் பெட்டி தொங்கவிட்டு நாள் வாடகைக்கு விடுகிறவர்களை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை, அது தனிக் கதை.) பத்து வருடம் முடிந்ததும் சந்தை விலைக்கு யாருக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளலாம். அதோடு இது மலிவு வீடு இல்லை. என் அண்ணன் மகன் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்று. அவன் வேலைக்குப் போய் வீடு தேடும்போது இந்த மாடியிலேயே ஒரு வீடு விலைக்கு வந்தாலும் அவனால் தொட முடியாது.

சிங்கப்பூரில் அரசு வீடுகளைக் கட்டி விற்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) 2024 அக்டோபரிலிருந்து நல்ல இடத்து வீடுகளை பிளஸ், பிரைம் என்று பிரித்து விற்கிறது. அங்கேயும் பத்து வருடக் காத்திருப்பு உண்டு. ஆனால் முதல் தடவை விற்கும்போது அரசு கொடுத்த கூடுதல் மானியத்துக்கு ஈடாக, விற்கும் விலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். மறுவிற்பனையில் வாங்குகிறவருக்கும் வருமான வரம்பு உண்டு. நம் ஊரில் இந்த இரண்டாவது விதி ஒன்று வந்தாலே போதும் என்பேன். பக்கத்து வீட்டு அக்கா கெடு முடிந்ததும் விற்கப்போவதாக இப்போதே சொல்கிறார். மகள் படிப்புக்குப் பணம் வேண்டும், அவரை என்ன சொல்ல? விதி எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

குடியிருக்க வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக விண்ணப்பியுங்கள். மாதிரி வீட்டைப் பார்த்ததோடு நிற்காமல், அதே நிறுவனம் ஐந்தாறு வருடம் முன்பு கட்டிய இடத்துக்கு இரவு எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை லிஃப்ட் ஓடுகிறது, குப்பை அறை எப்படி இருக்கிறது, இரண்டாவது காரை எங்கே நிறுத்துகிறார்கள் என்று தெரிந்துவிடும். அப்புறம், அந்தப் பாக்கிப் பட்டியலையும் ஒரு தடவை படியுங்கள்.