பழைய பெயின்டா, புது ஸ்பிரேயா, பவுடர் கோட்டிங்கா? கையால் கட்டிய ரேஸ் சைக்கிள் ஃபிரேமுக்கு எது சரி

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ரப்பர் தோட்டப்புற ஊரில் பழைய சைக்கிள் என்றால் பெரும்பாலும் கறுப்பு ராலே வண்டிதான். ரப்பர்ப் பால் டின்னைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போன வண்டி. அதற்கு நடுவே எப்போதாவது ஒரு ரேஸ் ஃபிரேம் தலைகாட்டும். துரை யாராவது விட்டுப்போனதாக இருக்கும், இல்லை ஒரு கிராணியார் (தோட்டத்துக் குமாஸ்தா) சம்பளத்தைச் சேர்த்து வைத்து இங்கிலாந்திலிருந்து தருவித்ததாக இருக்கும். நண்பர் ஒருவர் கைக்கு இப்போது அப்படி ஒன்று வந்திருக்கிறது. சிவப்புப் பெயின்ட் பாதி, துரு பாதி. "அண்ணே, பளபளன்னு அடிச்சு வித்துடலாமா?" என்று கேட்டார். பெயின்டைத் தொடுவதற்கு முன்னால் அது என்ன ஃபிரேம் என்று பார்க்க வேண்டும்.

ஸ்டிக்கரை நம்பாதீர்கள். பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் கம்பெனி, நல்ல ரேஸ் ஃபிரேம் கட்டப் பயன்படும் 531 என்ற குழாயை 1935இல் கொண்டுவந்தது. அந்த 531 ஸ்டிக்கர் இன்றைக்கும் புதிதாக விலைக்குக் கிடைக்கிறது, எந்த இரும்பிலும் ஒட்டலாம். உட்காரும் சீட்டின் கம்பியைக் கழற்றி அளந்து பாருங்கள். 27.2 மில்லிமீட்டர் என்றால் மெல்லிய, தரமான குழாயாக இருக்க வாய்ப்பு அதிகம். 26 சொச்சம் என்றால் தடித்த குழாய். பின் சக்கரம் உட்காரும் இடைவெளி 120 மில்லிமீட்டர் என்றால் பின்னால் ஐந்து கியர் இருந்த காலத்து ஃபிரேம் அல்லது பந்தயத் தடத்தில் ஓட்டும் டிராக் ஃபிரேம், 126 என்றால் அதற்குப் பிந்தியது.

அப்புறம் முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கைக் கழற்றுங்கள். கையால் கட்டிய இங்கிலாந்துப் பட்டறைகள் பலவும் ஃபிரேமுக்கு அடியில் அடித்த அதே எண்ணை ஃபோர்க் தண்டிலும் அடித்தன. இரண்டும் ஒத்துப்போனால் விலை ஒரு படி ஏறும். ஒத்துப்போகாவிட்டால் எப்போதோ முட்டி மோதி ஃபோர்க் மாறியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். அந்த மோதலின் தடயத்தைக் கண்ணை விட விரல் சீக்கிரம் பிடிக்கும். ஹேண்டில் பக்கம் மேல் குழாயும் கீழ்க் குழாயும் சேரும் மூட்டுக்குச் சற்றுப் பின்னால், அடிப்பக்கமாக விரலை ஓட்டுங்கள். சின்ன மேடு தட்டுப்பட்டால் குழாய் மடங்கியிருக்கிறது. எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் அது போகாது.

இந்தச் சோதனைகளில் தேறிய ஃபிரேம் என்று வைத்துக்கொண்டு, மூன்று வழிகளையும் பார்ப்போம்.

முதல் வழி, இருக்கிற பெயின்டைக் காப்பாற்றுவது. நான் இந்தப் பக்கம்தான். அந்தக் காலத்து ஃபிளாம்பாயன்ட் சிவப்பு என்பது வெள்ளிப் பூச்சின் மேல் கண்ணாடி போன்ற நிறப் பூச்சு. வெயில் படும்போது உள்ளிருந்து ஒளி வரும். கீறல் இருந்தாலும் தெரிந்து வாங்குகிறவர் தேடுவது அதைத்தான். மேலே தெரியும் துருவை ஆக்ஸாலிக் ஆசிட் கரைசலில் மெதுவாக எடுக்கலாம். முதலில் மறைவான இடத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும், பிறகு சோடா மாவுத் தண்ணீரில் கழுவி, உடனே காயவைத்து மெழுகு பூச வேண்டும். பால் உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, ஊறப்போடு என்று யோசனை சொல்ல நம் ஊரில் யாராவது கட்டாயம் வருவார். வேண்டவே வேண்டாம். குழாய்களில் இருக்கும் சின்னக் காற்றுத் துளைகள் வழியாக அது உள்ளே போய்த் தங்கி, நடுவில் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் தடிப்பே உள்ள இரும்பை உள்ளிருந்து தின்னும். நம் மழைக்கும் புழுக்கத்துக்கும் உள்பக்கம் ஏற்கெனவே துருப்பிடித்துத்தான் இருக்கும். பெடல் அச்சு ஓடும் கூட்டைத் திறந்தால் கறுப்புச் சேறாகக் கொட்டும். அதைச் சுத்தம் செய்து குழாய்களுக்குள் எண்ணெய் ஊற்றி, எல்லாப் பக்கமும் சாய்த்து வடியவிடுவது வெளிப் பளபளப்பை விட முக்கியமான வேலை.

இரண்டாவது, கார் ஸ்பிரே பட்டறை. ஊரிலேயே ஆள் இருக்கிறார், கைவசம் நிறம் கலக்கத் தெரியும். வெள்ளிப் பூச்சு, சாயம் கலந்த கிளியர் என்று அடுக்கடுக்காக அடித்தால் பழைய ஃபிளாம்பாயன்டுக்கு நெருக்கமாகவே கொண்டுவரலாம். ஆபத்து புட்டியில், அதாவது பள்ளத்தை நிரப்பும் பசையில் இருக்கிறது. கார் கதவை நிரவிப் பழகியவர் குழாய் மூட்டில் இருக்கும் லக் என்ற உலோக உறையின் ஓரத்தையும் பள்ளம் என்று நினைத்து நிரவிவிடுவார். அந்த ஓரத்தை ஒரு கைவினைஞர் அரத்தால் தேய்த்துத் தேய்த்துக் கூர்மையாக்கியிருப்பார். கையால் கட்டிய ஃபிரேமின் அழகில் பாதி அங்கேதான். புட்டி வேண்டாம், திருகு மரைகளை அடைத்துவிட்டு அடியுங்கள், எண் இருக்கும் இடத்தில் மெல்லியதாக அடியுங்கள் என்று பக்கத்தில் நின்று சொல்ல முடிந்தால் இது நல்ல வழி.

மூன்றாவது பவுடர் கோட்டிங். ஈப்போ பக்கம் இரும்பு கேட்டுக்கும் கிரில்லுக்கும் செய்கிற அதே வேலை. உறுதியில் இதை அடிக்க ஆளில்லை. சுமார் 200 டிகிரி சூளையில் மூட்டு பிரிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம்: மூட்டை இணைத்திருக்கும் வெள்ளிப் பற்று உருகவே 600 டிகிரிக்கு மேல் வேண்டும், பித்தளைக்கு 900 அளவில். என் கவலை வேறு. பூச்சு தடிப்பானது, லக் ஓரமும் எண்ணும் மொழுக்கென்று மூடிப்போகும். அதற்கு முன்னால் மணல் அடிப்பார்கள். கேட்டுக்கு அடிக்கும் முரட்டு மணலை மெல்லிய குழாயில் அடித்தால் உலோகமே தேயும்.

இங்கிலாந்துக்கே திருப்பி அனுப்பிப் புதுப்பிப்பதும் உண்டு. ஹெட்சின்ஸ் மாதிரி பெரிய பெயர் என்றால் யோசிக்கலாம், மற்றதற்குக் கப்பல் கூலியே கட்டாது.

விற்கத்தான் போகிறீர்கள் என்றால் முதல் வழியைத் தவிர வேறு எதற்கும் காசு போடாதீர்கள். பெயின்டுக்குக் கொடுத்த காசு விலையில் திரும்பி வருவது அபூர்வம், சில நேரம் விலை இறங்கவும் செய்யும். சொந்தமாக ஓட்டப் போகிறீர்கள், பழைய பெயின்ட் கையோடு உரிந்து வருகிறது என்றால் ஸ்பிரே பட்டறை. முன்பே யாரோ வீட்டுப் பெயின்டைப் பிரஷ்ஷால் அப்பி, எண்ணும் ஒத்துப்போகாத ஃபிரேம் என்றால் தாராளமாகப் பவுடர் அடித்துத் தினமும் ஓட்டுங்கள். நண்பருடையதில் எண் ஒத்துப்போகிறது, சிவப்பும் இன்னும் பிடிப்பாக இருக்கிறது. அதனால் ஸ்பிரே பட்டறைக்குப் போக வேண்டாம் என்று சொல்லி, ஆக்ஸாலிக் ஆசிட் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.