கட்டிலுக்கு ஒரு அட்டை, மாத்திரைக்கு ஒரு கடை: சென்னை முதியோருக்கான அரசு மருத்துவ உதவிகள், ஓர் அலசல்

சுகர், பிரஷர், கொழுப்பு மூன்றுக்கும் மாத்திரை சாப்பிடும் 72 வயதுக்காரர் ஒருவர் வருடம் முழுக்க ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு நாள்கூடப் படுக்காமல் இருக்கலாம். மாத்திரைக்கு மட்டும் 365 நாளும் காசு போகும். ஆனால் வீட்டில் பேச்செல்லாம் 'அஞ்சு லட்சம் அட்டை'யைப் பற்றித்தான். அந்த அட்டையை மருந்துக்கடை மேசையில் நீட்டினால் பத்துப் பைசா குறையாது. அதனால் இந்த ஒப்பீட்டை இரண்டாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்: கட்டில் செலவு, மாத்திரைச் செலவு.

கட்டில் செலவு: முதல்வர் காப்பீடா, வய வந்தனாவா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வயது ஒரு பொருட்டல்ல, வருமானம்தான் கணக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை இதற்கு நேர் எதிர். வருமானச் சான்றே கேட்பதில்லை. ஆதாரின்படி 70 வயது ஆகியிருந்தால் போதும். இதிலும் ஆண்டுக்கு 5 லட்சம். கணவன், மனைவி இருவரும் 70 தாண்டியவர்கள் என்றால் ஆளுக்கு ஐந்தல்ல, இருவருக்கும் சேர்த்து ஐந்து. குடும்பம் ஏற்கெனவே ஆயுஷ்மான் திட்டத்தில் (ஏழைக் குடும்பங்களுக்கான மத்திய அரசுக் காப்பீடு) பயனாளியாக இருந்தால், 70 தாண்டியவர்களுக்கு மட்டும் தனியாக இன்னொரு 5 லட்சம் சேரும்.

யாருக்கு எது என்பதை ரேஷன் கார்டே பெரும்பாலும் சொல்லிவிடும். ஓய்வு பெற்ற பெற்றோர் மகனோடு ஒரே குடும்ப அட்டையில் இருந்தால், மகன் சம்பளமும் குடும்ப வருமானம்தான். அங்கே முதல்வர் காப்பீட்டுக்கான வருமானச் சான்று கிடைப்பது கடினம். 70 ஆனதும் வய வந்தனாதான் வழி. தனிக் குடும்ப அட்டையோடு, வருமானமே இல்லாமல் வாழும் 66 வயது விதவைத் தாய்க்கு வய வந்தனா நாலு வருடம் தள்ளி இருக்கிறது. அவர் முதல்வர் காப்பீட்டுக்குத்தான் போக வேண்டும். இ-சேவை மையம் வழியாக வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, குடும்ப அட்டை, ஆதார் சகிதம் ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும்.

வய வந்தனாவுக்கு அலைச்சல் குறைவு என்றாலும் ஆதார் காலை வாரும். தேய்ந்த கைரேகை இயந்திரத்தில் ஏறாது. அப்போது கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி., கருவிழி அல்லது முகப் பதிவு மூலம் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். கைப்பேசி எண் ஆதாரில் இணைந்திருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்; பழைய எண் பேரனிடம் இருப்பது சகஜம். பிறந்த தேதியை ஆதாரில் ஒரு முறைதான் திருத்தலாம். தப்பான சான்றைக் கொடுத்து அந்த வாய்ப்பை வீணாக்கினால் மறுபடி சரிசெய்வது பெரும்பாடு.

இரண்டுக்கும் பொதுவான கண்ணி ஒன்று உண்டு. இரண்டுமே ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டங்கள். முதலில் கட்டிவிட்டு அப்புறம் பில்லைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தவர்களுக்குப் பணம் வராது. அட்டை கையில் இருப்பதும், மருத்துவமனை அதை ஏற்பதும், அந்தக் குறிப்பிட்ட சிகிச்சைக்கு ஏற்பதும் வேறு வேறு. இதய நோய்க்குப் பதிவான மருத்துவமனை மூட்டு அறுவைக்குப் பதிவாகாமல் இருக்கலாம். "காப்பீடு எடுப்பீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் "எடுப்போம்" என்றுதான் சொல்வார்கள். "இந்த ஆபரேஷனுக்கு இந்த அட்டையில் முன் அனுமதி வாங்குவீங்களா?" என்று காப்பீட்டு மேசையில் கேட்டு, ஆமாம் என்ற பிறகே படுக்கையில் சேருங்கள். தனியாகப் பணம் கேட்டால் டிஸ்சார்ஜுக்கு முன்பே புகார் சொல்ல வேண்டும்: முதல்வர் காப்பீட்டுக்கு 1800 425 3993, ஆயுஷ்மானுக்கு 14555.

ஆயுஷ்மானில் பலர் கேட்டு வாங்காமல் விடுவது ஒன்று: சேருவதற்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்தும் பரிசோதனையும் அதே தொகுப்பில் அடக்கம். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிய மருந்தை வெளியே ஓடி வாங்குவதற்கு முன் இதைக் கேளுங்கள்.

பென்ஷன்காரர்களின் கணக்கு வேறு

மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு 2022 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரையிலான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மாதம் 497 ரூபாய் பிடித்தம், வருடத்துக்கு 5,964 ரூபாய். இதன் 5 லட்சம் நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து. குறிப்பிட்ட கடும் நோய்களுக்கு 10 லட்சம். மேலே சொன்ன இரண்டும் ஆண்டுக்கு ஐந்து என்பதை மனதில் வைத்தால் வித்தியாசம் தெரியும். கண்புரைக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய். விலை கூடிய லென்ஸைத் தேர்ந்தெடுத்தால் மிச்சம் கைக்காசு.

மத்திய அரசு ஓய்வூதியர்களின் சி.ஜி.எச்.எஸ்., முன்னாள் படைவீரர்களின் இ.சி.எச்.எஸ். இரண்டும் வேறு ரகம். வெளிநோயாளி மருந்தும் சேர்த்துத் தருபவை அவை. அந்த அட்டை உள்ளவர்கள் வய வந்தனா வேண்டுமென்றால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. தினசரி மாத்திரை தரும் அட்டையை விட்டுக்கொடுத்துக் கட்டிலுக்கு மட்டுமான அட்டைக்கு மாறுவது நஷ்டம். சி.ஜி.எச்.எஸ்.ஸுக்கு ஓய்வின்போது பத்து ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் ஆயுளுக்கும் போதும். மாதம் 250 ரூபாய் சந்தா நிலையில் இருந்தவருக்கு அது 30,000. 650 ரூபாய் நிலையில் இருந்தவருக்கு 78,000.

அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் காலம் தள்ளியவர்கள் மறந்துவிட்ட ஒன்று இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு. குறைந்தது ஐந்து ஆண்டு இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வேலை பார்த்து, ஓய்வு வயதிலோ விருப்ப ஓய்விலோ வெளியே வந்தவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைக்கும் மருத்துவ வசதி தொடரும். டிஸ்பென்சரியில் தினசரி மாத்திரை, கே.கே.நகர், அயனாவரம் மருத்துவமனைகளில் கட்டில், இரண்டும். கிளை அலுவலகத்தில் ஓய்வுச் சான்றோடு ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்ட வேண்டும்; புதுப்பிக்க மறந்தால் வசதி நிற்கும். பாதியில் ராஜினாமா செய்தவர்களுக்கு இது இல்லை. இந்தப் பட்டியலில் கொடுத்த காசுக்கு அதிகம் திரும்பி வருவது இதுதான். இ.எஸ்.ஐ. இருப்பவர் வய வந்தனாவும் எடுத்துக்கொள்ளலாம், தடையில்லை.

மாத்திரைச் செலவு: இலவசம், மலிவு, இடையில் உள்ள பள்ளம்

இலவச வழி இரண்டு. மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் பதிவு செய்து மாதாமாதம் வாங்குவது ஒன்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாகத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை தருவது இன்னொன்று. படி இறங்க முடியாதவருக்கு இரண்டாவதுக்கு ஈடு எதுவுமில்லை. ஆனால் அரசுப் பட்டியலில் உள்ள மருந்துதான் வரும். தனியார் டாக்டர் எழுதிய புது வகை சுகர் மாத்திரை அதில் இல்லையென்றால், அதை மட்டும் வெளியே வாங்க வேண்டியதுதான்.

முதியோருக்கென்றே 2024 பிப்ரவரியில் திறந்த 200 படுக்கை தேசிய முதியோர் நல மருத்துவமனை கிண்டி கிங் வளாகத்தில் இருக்கிறது. அதே வளாகத்தில்தான் கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையும். ஆட்டோக்காரரிடம் பெயரைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் வேறு வாசலில் இறக்கிவிடுவார். 60 தாண்டிய சென்னைவாசிகளுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் உண்டு, ஏ.சி. பஸ்ஸில் செல்லாது.

மலிவு வழியும் இரண்டு: மத்திய அரசின் மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரி 24 அன்று மாநிலமெங்கும் 1,000 கடைகளோடு தொடங்கிய முதல்வர் மருந்தகம். மக்கள் மருந்தகத்தில், முன்னணி பிராண்டுகள் மூன்றின் சராசரி விலையில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது விலை விதி. முதல்வர் மருந்தகம் 75 சதவீதம் வரை குறைவு என்கிறது. 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள்; எல்லா மாத்திரைக்கும் அதே தள்ளுபடி இல்லை. ஒரே கடைக்கு விசுவாசமாக இருப்பதைவிட, மாதச் சீட்டை இரண்டிலும் ஒரு முறை விலை போட்டுப் பார்ப்பது லாபம். மக்கள் மருந்தகத்தின் கடை இருப்பிடத்தையும் மருந்து விலையையும் 'ஜன் ஔஷதி சுகம்' செயலியில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

சிக்கல் விலையில் இல்லை, சீட்டில் இருக்கிறது. டாக்டர் பிராண்ட் பெயரை எழுதியிருப்பார். இந்தக் கடைகளில் மூலப்பெயரில்தான், அதாவது உள்ளே இருக்கும் மருந்துப்பொருளின் பெயரில்தான், மருந்து. "மூலப்பெயர், மில்லிகிராம், எஸ்.ஆரா (மெல்லக் கரைவது) சாதாவா என்று எழுதிக் கொடுங்க" என்று டாக்டரிடமே கேட்டு வாங்குவது நல்லது. இரண்டு மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைக்கு அதே கலவை இல்லாவிட்டால் தனித்தனியாகத் தருவார்கள். அது தப்பில்லை, எண்ணிக்கை மட்டும் கூடும்.

மாறிய முதல் மாதம்தான் ஆபத்து. வீட்டில் பழைய பட்டையும் இருக்கும், புதுப் பட்டையும் வரும். பெயர் வேறாக இருப்பதால் இரண்டும் வேறு மருந்து என்று நினைத்துப் பெரியவர் இரண்டையும் போடுவார். கிளிமிபிரைட் சேர்ந்த சுகர் மாத்திரையில் இப்படி நடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். புதியது வந்த அன்றே பழைய பட்டையை எடுத்து ஒளித்துவிடுங்கள். தைராய்டு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்ஃபரின், வலிப்பு மாத்திரை மூன்றையும் டாக்டரைக் கேட்காமல் கம்பெனி மாற்றாதீர்கள். தைராய்டு மாத்திரை மாறினால் 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும், வார்ஃபரின் என்றால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் பரிசோதனை).

இன்சுலினில் இன்னும் கவனம் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். இன்சுலின் பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடி ஊசி 40க்கு, ஆரஞ்சு மூடி ஊசி 100க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 20 அல்ல, 50 யூனிட். பேனாவிலிருந்து குப்பிக்கு மாறும் நாளில், குப்பியில் அச்சிட்ட எண்ணையும் ஊசி மூடி நிறத்தையும் மருந்து கொடுப்பவர் முன்னாலேயே ஒத்துப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.