மண்ணுக்கடியில் ஆளைத் தேட: ரேடாரா, மோப்ப நாயா?

2020 ஆகஸ்டில் கேரளத்து மூணாறு பக்கம் பெட்டிமுடி மண்சரிவில் 70 உயிரைப் பறிகொடுத்த பிறகு, மூணாறு, தேவிகுளம் லயன்களில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) அடைமழை என்றாலே ஒரு பேச்சு கிளம்பும்: "ரேடார் வைத்தால் உள்ளே இருப்பவனைக் காட்டிவிடுமாமே?"

காட்டும். ஆனால் எந்த மண்ணில், எந்த ரேடார் என்று கேட்க வேண்டும்.

உயிர் தேடும் ரேடார் நுண்ணலையை உள்ளே அனுப்புகிறது. மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குவதால், திரும்பி வரும் அலையில் சின்ன மாற்றம் தெரியும். அதைத்தான் கருவி பிரித்தெடுக்கிறது. 2015 நேபாள நிலநடுக்கத்தில் நாசாவின் ஃபைண்டர் கருவி நாலு பேரை உயிரோடு மீட்க உதவியது. அங்கே இடிந்த கட்டடம்; இடுக்குகளில் காற்று இருந்தது. நம் மலையில் சரிவது நீர் குடித்த களிமண். தண்ணீர் நுண்ணலையை விழுங்கிவிடும். லயன் வீட்டுத் தகரக்கூரை குறுக்கே கிடந்தால் அலை அதைத் தாண்டாது. இதெல்லாம் போக, பொய் சிக்னல் தொல்லை வேறு. 2024-இல் வயநாடு முண்டக்கை மண்சரிவில் மூச்சு தெரிகிறது என்று இரவு வரை தோண்டினார்கள், யாரும் கிடைக்கவில்லை. பக்கத்தில் ஆள் நடந்தாலும் ஜேசிபி ஓடினாலும் கருவி குழம்பும்.

தரை ஊடுருவும் ரேடார் வேறு சங்கதி. அது மூச்சைத் தேடாது. மண்ணுக்குள் வேறு பொருள் இருந்தால் காட்டும், அவ்வளவுதான். அதே வருடம் கர்நாடகத்தின் ஷிரூரில் மண்சரிவில் காணாமல் போன லாரியைத் தேடி, கரையில் சிக்னல் என்று மண்ணைக் கிளறினார்கள். கோழிக்கோட்டுக்காரர் ஓட்டிய அந்த லாரி இரண்டு மாதம் கழித்து ஆற்றுக்குள் கிடைத்தது.

சரி, நாய்? கேரள போலீஸின் சடலம் தேடும் நாய்கள் மாயாவும் மர்ஃபியும் வயநாட்டில் தேடின. 2025-இல் தெலங்கானாவில் சுரங்கம் இடிந்தபோதும் அவற்றைத்தான் கூட்டிப்போனார்கள். பெட்டிமுடியில் குவி எந்தப் பயிற்சியும் இல்லாத வீட்டு நாய். தன் வீட்டுக் குழந்தையின் உடல் கிடந்த இடத்தை அதுதான் காட்டியது. நாய்க்கும் குறை உண்டு. சீக்கிரம் களைத்துவிடும்; ஓடும் தண்ணீர் வாசனையைக் கீழே இழுத்துப்போகும். அப்புறம், சடலம் தேடப் பழக்கிய நாயும் உயிருள்ளவரைத் தேடப் பழக்கிய நாயும் ஒன்றல்ல. எது வருகிறது என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

வெப்பக் கேமரா ட்ரோன் மேற்பரப்புக்கு மட்டும். பாறையில் ஒதுங்கியவரைக் காட்டும், புதைந்தவரைக் காட்டாது.

என்னைக் கேட்டால் மண்சரிவுக்கு முதலில் நாய்தான், கூடவே இரும்புக் கம்பி. கம்பியால் மண்ணைக் குத்தித் துளை போட்டால் வாசனை மேலே வரும். நாய்க்கு வேலை சுலபம். மூணாறில் சரிவை வெட்டி மாடி மாடியாய்க் கட்டியிருக்கிறார்களே ரிசார்ட்டுகள், அப்படியொரு கான்கிரீட் இடிந்தால் மட்டும் என் ஓட்டு உயிர் தேடும் ரேடாருக்கு.